பழைய காருக்கு ஒரு கைகாட்டி

பொருள்களைத் தேடுவதிலே மனிதர் காணும் இன்பம் பலவகைப்பட்டது. சிலர் பழைய நாணயங்களைத் தேடுகின்றனர்; சிலர் முத்திரைகளைத் தேடுகின்றனர். வேறு சிலரோ கறள் பிடித்த இரும்புத் துண்டொன்றுக்காக ஊர் ஊராய் அலைந்து, அதனைக் கண்டெடுத்த அன்று புதையல் கண்டவரைப் போல மகிழ்கின்றனர். பழைய மோட்டார்க் கார்களைப் பேணுவோரையே இங்கே குறிப்பிடுகின்றோம். சிறிது காலத்துக்கு முன்பு வரை இவர்களைக் கண்டு நகைத்து வந்த நாமும் இன்று அக்கூட்டத்திற் சேர்ந்துவிட்டோம். அதனால் நாம் கற்ற பாடம் ஒன்றுண்டு. பிறருக்குப் பாடஞ் சொல்லுவதையே தொழிலாகக் கொண்ட நாம் அதனை மறைத்தல் முறையன்று.

அமெரிக்காவிலே இத்தேட்டம் ஒரு பெருந் திருவிழாவாகவே நடைபெறுகின்றது. பென்சில்வேனியா மாநிலத்து ஹேர்ஷி நகரிலே ஒவ்வோர் ஒக்டோபர் மாதமும் கூடும் சந்தையில் பழைய கார்களின் பாகங்கள் பரந்த வெளியெங்கும் குவிக்கப்பட்டிருக்கும். 1964 ஆம் ஆண்டு மாதிரியான பொன்ரியாக் ஜீ. ரீ. ஓ. போன்ற வலிமை மிக்க கார்களை அந்நாட்டார் 'மசில் கார்' என்பர். அத்தகைய காரொன்றின் இயந்திரத்திலுள்ள இலக்கமும், அதன் வார்ப்புத் தேதியும் அக்காரோடு பொருந்தினாற்றான் முழு விலையும் கிடைக்கும். ஆகவே அங்கே பாகம் வாங்குவோர் கையிற் பணத்தோடு இலக்கப் பட்டியலையும் கொண்டே செல்வர்.

எமது கார் அத்தகைய பலசாலி அன்று. ஜீ. ரீ. ஓ. வின் இயந்திரம் 325 குதிரைவலு கொண்டதாயின், எமது மொறிஸ் மைனரின் வலு 37 குதிரைகளே! ஆயினும் அதற்கும் ஒரு பெருமையுண்டு. அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர் ஆக்கிய இக்கார் 1948 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. செய்து முடிக்கும் தறுவாயில் 'அகலம் போதாது' என்று கருதிய அவர், மாதிரிக் காரை நெடுக்கே இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் அகற்றிப் பார்த்தாராம். அந்த அகலத்தின் அடையாளமாகிய மேட்டினை இன்றும் அதன் முன்மூடியின் நடுவிலே காணலாம். பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதலாவது பிரித்தானியக் காரும் இதுவே.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

எம் தந்தையார் 1969 ஆம் ஆண்டில் இரண்டாங் கையாக வாங்கிய 1958 ஆம் ஆண்டு வண்டி அது. 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம் கொண்டது. 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டு, வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, யாழ்ப்பாணத்துப் பழைய கார்களெல்லாம் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. குளிர்ந்த இயந்திரத்திலே மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் ஊற்றி இயக்கி, இயந்திரம் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் இதனைப் பொறுத்துக்கொண்டன. ஆயினும் எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழே வடிந்து இயந்திர எண்ணெயோடு கலந்து அதன் வழுவழுப்பைக் கெடுத்தது. பிஸ்டன்களும் றிங்குகளும் வேளைக்கு முன்னரே தேய்ந்தன.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இடப்பெயர்வின்போது, நாவற்குழி நோக்கிச் சென்ற சனக் கடலினுள்ளே எமது காரும் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. அந்த நெரிசலிலேதான் அதன் கைகாட்டிகள் இரண்டும் முறிந்தன. இக்கால இளைஞர் கைகாட்டியை அறியார். கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு சாணளவான கை அது. ஆளியைத் திருப்பியதும் மின்காந்தத்தால் இழுக்கப்பட்டு, செம்மஞ்சள் ஒளியோடு வெளியே எழுந்து திரும்பும் திசையைக் காட்டும். மொறிஸ் மைனரில் 1961 ஆம் ஆண்டிலே இதனை நீக்கி, மினுங்கும் விளக்குகளைப் பொருத்தினர். ஆகவே பழுதற்ற கைகாட்டி கிடைப்பது இன்று அரிது.

பல ஆண்டுகள் கொட்டிலிற் கிடந்த காரைத் திருத்துவதென நாம் தீர்மானித்தபோது, "எஞ்சினையும் பார், கைகாட்டியையும் பார்" என்று மட்டுமே தந்தையார் கூறினார்.

புளியமரத்தடியில் ஒரு பேரம்

வடமராட்சிக் கிராமமொன்றில் மைனர் ஒன்று கிடப்பதாக எமது மெக்கானிக் துப்புக் கொடுத்தார். புளியமரத்தின் கீழே, கோழிகள் அடையும் கூடாய் அது கிடந்தது. சில்லுகள் இல்லை, இருக்கைகள் இல்லை. ஆனால் லூக்காஸ் கம்பனியின் பெயர் பொறித்த கைகாட்டிகள் இரண்டும் முறியாமல் இருந்தன! அத்தகைய சோடி இருபதினாயிரம் ரூபாவுக்குக் குறையாது என்று மெக்கானிக் முன்னரே சொல்லியிருந்தார். அகத்தின் மகிழ்ச்சியை முகத்திற் காட்டாதிருத்தல் பேரத்தின் முதல் விதியாதலின், நாம் முகத்தைச் சுளித்துக்கொண்டோம்.

"ஆச்சி, இது கறள் பிடிச்சுப் போச்சு. வேலை செய்யுமோ தெரியாது."

"அவர் இருக்கேக்கை ஒருத்தரையும் தொட விடமாட்டார், தம்பி. ஒரு ஐயாயிரம் தாங்கோவன்."

"ரெண்டாயிரம்தான் பெறும், ஆச்சி."

அவர் எம்மைச் சிறிது நேரம் பார்த்தார். "நீங்கள் படிப்பிக்கிற ஆள். பொய் சொல்லமாட்டியள்" என்று கூறிப் பணத்தை எண்ணாமலே வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். வீடு வந்து 12 வோல்ற் மின்கலத்தோடு இணைத்தபோது, இரண்டு கைகளும் 'டக்' என்று எழுந்து நின்றன. எமது பேரத் திறமையை அன்றிரவு வீட்டாருக்கு இருமுறை எடுத்துரைத்தோம்.

பஞ்சிகாவத்தைப் பாடம்

அடுத்தது இயந்திரம். மெக்கானிக் போர் அடித்து முடித்து, "948, ஓவசைஸ் 40" என்று துண்டில் எழுதித் தந்தார். கொழும்பிலே பஞ்சிகாவத்தையை அறியாத கார்க்காரர் இல்லை. வீதியின் இருமருங்கும் கடைகள். ஒவ்வொன்றிலும் கூரையைத் தொடும் பாகங்கள். அவ்விடம் சென்றால் ஏமாறாமல் மீள முடியாது என்று பலர் எம்மை அச்சுறுத்தியிருந்தனர்.

முதியவரொருவரின் கடையிலே பிஸ்டன் தொகுதி ஒன்று கிடைத்தது. அறுபதினாயிரம் என்றார். நாம் முப்பதென்றோம். படி வரை சென்றோம், அழைக்கப்பட்டோம், திரும்பினோம். தேநீர் வந்தது. நாற்பத்தையாயிரத்தில் முடிந்தது. பெட்டியின் மேலே எழுதியிருந்ததை வாசித்துத் திருப்தியுற்று இரவு வண்டியில் ஊர் திரும்பினோம். மெக்கானிக் அளந்து பார்த்துத் தலையை அசைத்தார். பிஸ்டன்கள் அரை மில்லிமீற்றரளவு பெரியவை. 1098 கன சென்ரிமீற்றர் இயந்திரத்துக்குரிய பிஸ்டன்கள் 948 இன் பெட்டியிலே புகுந்திருந்தன!

சண்டைக்கு வேண்டிய சொற்களையெல்லாம் வண்டியில் ஒத்திகை பார்த்துக்கொண்டு மறுவாரம் அக்கடைக்குச் சென்றோம். எம்மைப் பேசவிடாது அம்முதியவர் தம் அளவுகோலை எடுத்து அளந்தார்.

"பிழை என்னோடது, சேர். பெட்டியத் திறந்து பாக்காமக் குடுத்திட்டன்."

பையனை அயற் கடைகளுக்கு அனுப்பினார். ஒரு மணி நேரத்துள் சரியான தொகுதி வந்தது. அதனை எம் கண்முன்னே ஒவ்வொன்றாக அளந்து காட்டினார். அதன் விலை நாற்பதினாயிரமே என்று கூறி, ஐயாயிரம் ரூபாவையும் திருப்பித் தந்தார்.

"நானா, பெட்டியைத் திறந்து பார்க்காதது எங்கள் பிழையுந்தானே?" என்றோம்.

"நீங்க அளக்கத் தெரியாதவர் எண்டு அண்டைக்கே எனக்கு விளங்கிச்சு, சேர். தெரியாத ஆளுக்குத் தெரிஞ்சவன்தானே அளந்து குடுக்கோணும்!"

ஊர் திரும்பும் வழியெல்லாம் அச்சொற்கள் எம்மை உறங்கவிடவில்லை. பஞ்சிகாவத்தையிலே அறியாதவர் நாம். புளியமரத்தடியிலே அறிந்தவர் நாம். அங்கே நாம் எப்படி அளந்து கொடுத்தோம்?

இருமுறை எண்ணிய பணம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினெண்ணாயிரம் ரூபாவோடு அவ்வளவுக்குச் சென்றோம். கைகாட்டிகளின் உண்மை விலையையும், அதனை நாம் முன்னரே அறிந்திருந்ததையும் ஒளியாது கூறினோம்.

"அப்ப இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார் ஆச்சி. குரலிலே கோபம் இல்லை. முதல் நாள் எண்ணாமல் வாங்கியவர், அன்று பணத்தை இருமுறை எண்ணினார்.

பழைய பாகம் வாங்கச் செல்லும் இளைஞருக்குச் சில சொல்வோம். பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். திறந்து அளந்து வாங்குங்கள். மாதிரியாகப் பழைய பாகத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள். காந்தமொன்றைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். உருக்கென்று சொல்லி வேறு உலோகத்தை விற்றால் அது காட்டிக்கொடுக்கும். புதிதாகச் செய்த பாகங்களையும் இகழாதீர்கள். 1990களிலே மொறிஸ் மைனர் பாகங்கள் இலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. பேரம் பேசுவதும் குற்றமன்று. அதுவும் ஒரு கலையே. ஆனால், விற்பவருக்குத் தம் பொருளின் பெறுமதி தெரியாதாயின், பேரத்தைத் தொடங்கு முன்னர் அதனை அவருக்குச் சொல்லிவிடுங்கள். பிறகு எவ்வளவு வேண்டுமாயினும் பேசுங்கள்.

கார் இப்பொழுது ஓடுகின்றது. தந்தையாரை முன்னிருக்கையில் இருத்தி முதன்முறை வீதிக்கு எடுத்தபோது, சந்தியிலே இடப்பக்கக் கைகாட்டி எழுந்தது. பின்னால் வந்த மோட்டார்ச் சைக்கிள் இளைஞன் அருகே வந்து, "சேர், காரிலை ஏதோ கழண்டு நிக்குது!" என்று அக்கறையோடு எச்சரித்தான். தந்தையார் வாய்விட்டுச் சிரித்தார். நாமும் சிரித்தோம். ஆயினும் சந்திகளிலே அந்தக் கை எழும்போதெல்லாம், ஆச்சி பணத்தை இரண்டாம் முறை எண்ணிய காட்சி எம் நினைவுக்கு வரத் தவறுவதில்லை.