சிக்கனமாய் ஓர் இலண்டன் யாத்திரை

எங்கள் நாகலாபுரத்தில், கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாதேவியின் நினைவாக எழுப்பியதாகக் கூறப்படும் வேதநாராயணர் ஆலயம் உள்ளது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் மூன்று நாள் மாலை வேளையில், கதிரவனின் ஒளி கருவறையுட் புகுந்து, மூலவரின் திருவடி தொடங்கித் திருமுடி வரை நாளுக்கு நாள் ஏறிப் படியும். அக்காட்சியைக் காணக் கட்டுச்சோற்றுடன் செல்வதை நம்மவர் எவரும் இழிவாக எண்ணியதில்லை.

அயல்நாடு வந்தபின் அந்த எளிமையை மறந்தோமோ? இலண்டனைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பியும், செலவுக்கு அஞ்சி ஆண்டுக்காண்டு ஒத்திப்போடும் குடும்பங்கள் நம்மிடையே பல. பணம் சேருமுன் பிள்ளைகள் வளர்ந்துவிடுகின்றனர்.

1888-இல் சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தியடிகள், காசு காசாகக் கணக்கெழுதினார். ஒற்றை அறையில் தாமே சமைத்து, நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸில் உணவை முடித்தார். வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்த நாள்தோறும் 8, 10 மைல் நடந்தார். அந்நடையே தம் உடலுக்கு உரமளித்ததென்று பின்னர் எழுதினார்.

இன்று நமக்கு வழி இன்னும் எளிது. 1759-இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் மியூசியத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. கிருஷ்ணை நதிக்கரையின் அமராவதிச் சிற்பங்களை அங்கே காணலாம். அவற்றின் உடன்பிறப்புகள் சென்னை எழும்பூரில் உள்ளன. தெற்குக் கென்ஸிங்டனில் அருகருகே நிற்கும் மூன்று பெரிய காட்சிசாலைகளுக்கும் கட்டணமில்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டுமே சீட்டு வேண்டும். அங்கிருந்து ஹைட் பூங்காவுக்கு நடந்து சென்று, புல்தரையில் அமர்ந்து கட்டுச்சோற்றை உண்ணலாம்.

சுரங்க இரயிலைவிடப் பேருந்தே மலிவு. ஒரு மணி நேரத்துக்குள் வண்டி மாறினால் மறு கட்டணம் இல்லை. பேருந்தில் ரொக்கம் வாங்குவதில்லையாதலின், கட்டண அட்டை கையிலிருக்கட்டும். 11 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குப் பேருந்தில் கட்டணமே இல்லை. தங்குமிடமே பெருஞ்செலவு. கோடை விடுமுறையில் சில பல்கலைக்கழக மாணவர் விடுதிகள் பயணிகளுக்கும் அறை தருகின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்பது நன்று. கிழக்கு ஹாமிலும் டூட்டிங்கிலும் நம்மவர் உணவுச்சாலைகளில் இட்லியும் தோசையும் கிடைக்கும்.

நாகலாபுரத்துக் கதிரொளி எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை. ஆனால் அந்த மூன்று நாட்களைத் தவறவிட்டவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும். பிள்ளைகளின் இளம்பருவமோ, காத்திருந்தாலும் மீண்டும் வருவதில்லை. ஆகவே அன்பர்களே, இக்கோடையிலேயே புறப்படுங்கள்!