மூன்று குருவிகளும் ஒரு மாலை வானமும்

தெற்கு இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்று ஒரு சிற்றூர். 18ஆம் நூற்றாண்டில் அங்கே கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் வாழ்ந்தார். குளிர் விலகியதும் அந்த ஊர்த் தோப்புகளுக்கு வந்துசேரும் சின்னஞ்சிறு கதிர்க்குருவியைப் பறவை நூல் எழுதியவர்கள்கூட ஒரே இனம் என்று நினைத்திருந்தார்கள். பச்சையும் மஞ்சளும் கலந்த மங்கிய நிறம், இலைகளுக்குள் ஓயாத ஓட்டம். பார்த்தவுடன் மறந்துபோகிற பறவை. 1768 ஆகஸ்டில் இயற்கை ஆய்வாளர் தாமஸ் பெனன்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், அது ஒன்றல்ல, மூன்று என்று வைட் அடித்துச் சொன்னார்.

அவருக்கு முதலில் துப்புக் கொடுத்தது காதுதான். ஒன்று மார்ச்சிலேயே வந்து, கரகரப்பான இரண்டே ஒலிகளைத் திரும்பத் திரும்ப எழுப்பும். இன்னொன்றின் பாட்டு சிரிப்பதுபோல எளிதாக இறங்கி வரும். மூன்றாவது உயர்ந்த பீச் மரங்களின் உச்சியில் மட்டும் உட்கார்ந்து, சிறகைச் சிலிர்த்துக்கொண்டு வெட்டுக்கிளிபோலச் சீறும். பிறகு மூன்றையும் கையில் வைத்து ஒப்பிட்டார். முதலாவதன் கால்கள் கறுப்பு. மூன்றாவது அளவில் கொஞ்சம் பெரிது. அதன் சிறகுகளின் நுனியில் வெண்மை. சிஃப்சாஃப், வில்லோ வார்ப்ளர், வுட் வார்ப்ளர் என்று இன்று எந்தப் பறவைக் கையேட்டிலும் மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன.

ஒரு பொருளின் தனித்தன்மையை எழுத்தில் கொண்டுவருவது எப்படி என்ற கேள்விக்கு ஆங்கில உரைநடை கண்ட நல்ல பதில்களில் ஒன்று இந்தக் கடிதத்தில் இருக்கிறது. பொருளை அதன் மிக நெருங்கிய சாயலுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். ‘அழகிய சிறு பறவை’ என்பது ஆயிரம் பறவைகளுக்குப் பொருந்தும். அடைமொழியை எத்தனை அடுக்கினாலும் அந்த ஆயிரம் நூறாகக் குறையுமே தவிர, ஒன்றாகாது. பக்கத்தில் இருப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கிறபோதுதான் சொல் கூர்மையாகிறது.

வைட்டின் கடிதங்கள் ‘செல்போர்னின் இயற்கை வரலாறும் தொன்மைகளும்’ என்ற நூலாக 1789இல் வந்தன. லின்னேயஸின் வகைப்பாடு ஐரோப்பா முழுவதும் பரவியிருந்த காலம் அது. பதப்படுத்திய தோலையும் அலகையும் இறகையும் எண்ணிப் பார்த்து உயிர்களுக்குப் பெயர் சூட்டினார்கள். வைட் அதை மதித்தார். ஆனால் அது போதும் என்று நினைக்கவில்லை. பறவையை நல்ல முறையில் அறிந்தவன் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் அல்லாமல், அதன் தோரணையைக் கொண்டே அதை இனங்காண வேண்டும் என்று 1778இல் மற்றொரு கடித நண்பர் டெய்ன்ஸ் பாரிங்டனுக்கு எழுதினார். அந்தக் கடிதம் முழுவதும் பறத்தலின் வகைகள். பருந்து சிறகை விரித்தபடி அசையாமல் வட்டமடிக்கிறது. மரங்கொத்தி ஏறியும் இறங்கியும் அலைபோலப் போகிறது. ஆந்தை காற்றைவிட எடை குறைந்ததுபோல மிதக்கிறது. இங்கே வேலை செய்கிறவை எல்லாம் வினைச்சொற்கள் என்பதைக் கவனிக்கலாம். எப்படி இருக்கிறது என்பதைவிட என்ன செய்கிறது என்பதே அவருக்கு அடையாளம்.

அளவுகளையும் அவர் அப்படித்தான் கையாண்டார். இங்கிலாந்தில் அதுவரை யாரும் விவரித்திராத அறுவடை எலியைப் பற்றி எழுதும்போது, மிகச் சிறியது என்று சொல்லி நிறுத்தவில்லை. தராசில் வைத்தார், இரண்டு எலிகள் சேர்ந்தால் ஒரு செப்பு அரைப்பென்னிக் காசின் எடை. கோதுமை இலைகளைப் பின்னிச் செய்த அதன் கூடு கிரிக்கெட் பந்து அளவு. உள்ளே எட்டுக் குஞ்சுகள் இருக்க, மேசையில் உருட்டினாலும் குலையவில்லை. அரைப்பென்னியைக் கையில் எடுக்காத ஆங்கிலேயர் அன்று யாரும் இல்லை. (இவ்வளவு கூர்ந்து பார்த்த மனிதர் வளர்த்த ஆமைக்கு திமோத்தி என்று ஆண்பெயர். அத்தை இறந்தபின் அவரிடம் வந்துசேர்ந்த அந்த ஆமை பெண் என்பது வைட் காலமாகிப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.)

கவிஞர் ஜான் கிளேர் வேறு வகை. நார்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் 1793இல் பிறந்த விவசாயக் கூலி. லண்டன் பக்கம் போயிருந்தபோது ஒரு கனவானும் சீமாட்டியும் புதரோரம் நின்று, நைட்டிங்கேல் என்ன அருமையாகப் பாடுகிறது என்று மெய்மறந்ததையும், அங்கே பாடிக்கொண்டிருந்தது த்ரஷ் என்ற வேறு பறவை என்பதையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். கவிதையில் படித்த பறவை வேறு, காதில் விழுகிற பறவை வேறு. கிளேர் தன் ஊர்ப் பேச்சுச் சொற்களிலேயே எழுதினார். நத்தைக்கும் செடிக்கும் பனி உறைவதற்கும் அவர் பயன்படுத்திய சொற்கள் பலவற்றைப் பதிப்பாளர் ஜான் டெய்லர் நாகரிகம் கருதி மாற்றினார். அந்த மண்ணின் அடையாளமும் அவற்றோடு கொஞ்சம் உதிர்ந்தது என்பதில் ஐயமில்லை.

டாரதி வேர்ட்ஸ்வொர்த் பெயர் அண்ணன் வில்லியத்தின் பெயரோடு ஒட்டியே வரும். 1802 ஏப்ரல் 15ஆம் தேதி உல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் இருவரும் டாஃபடில் மலர்களைப் பார்த்தார்கள். டாரதி அதை நாட்குறிப்பில் எழுதினார். வில்லியத்தின் புகழ்பெற்ற கவிதை அதற்கு ஈராண்டு கழித்து எழுதப்பட்டு 1807இல் அச்சேறியது. கவிதையில் மலர்க்கூட்டம் ஒரே உற்சாகத்தில் ஆடுகிறது. நாட்குறிப்பில் சில மலர்கள் களைத்துப்போய்ப் பாசி படர்ந்த கல்லில் தலை சாய்த்திருக்கின்றன, மற்றவை காற்றில் புரள்கின்றன. கூட்டத்தை விட்டுச் சில விலகி நிற்கின்றன. ஒரே திரளுக்குள்ளும் ஒரு பூவுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு பார்த்தது தங்கையின் கண்.

களைத்துப்போன மலரா, அது மனிதக் குணத்தை ஏற்றிச் சொல்வதல்லவா என்று கேட்கலாம். கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் அதைத்தான் கேட்டார். கடல் நுரையைக் கொடியது என்று சொல்லும் ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு, நுரைக்குக் கொடுமை ஏது, துயரத்தில் கலங்கிய மனம் அப்படிப் பார்க்கிறது என்று 1856இல் ‘நவீன ஓவியர்கள்’ நூலின் மூன்றாம் தொகுதியில் வாதிட்டார். மேகத்தையும் பாறையையும் இலையையும் உள்ளபடி வரையக் கற்றுக்கொடுக்க ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதியவர் அவர்.

ரஸ்கினைப் படித்து வளர்ந்தவர்களில், உள்ளபடி பார்க்கும் இந்தப் பழக்கத்தை உச்சிவரை கொண்டுபோனவர் கவிஞர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ். 1844இல் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, கத்தோலிக்கராக மாறி, 1868இல் இயேசு சபையில் சேர்ந்தார். மழை விட்டதும் தோட்டப் பாதையில் குனிந்து, ஈரச் சரளைக்கல் மினுங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாராம். விசித்திரமான ஆள் என்று மடத்துச் சகோதரர் ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் அதை அதுவாகவே ஆக்குகிற உள்வடிவம் ஒன்று உண்டு என்பது ஹாப்கின்ஸின் நம்பிக்கை. அதற்கு இன்ஸ்கேப் என்று தாமே பெயர் வைத்துக்கொண்டார். 1872இல் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற இடைக்காலத் தத்துவ ஞானியைப் படித்தபோது அவருக்குப் பெரிய துணை கிடைத்தது. இந்த மரம் மரம் என்ற இனத்தைச் சேர்ந்தது என்பதோடு முடியவில்லை, அது இந்த மரமாகவே இருப்பதற்கும் ஒரு மெய்ம்மை உண்டு என்றவர் ஸ்கோட்டஸ். மறு ஆண்டு மடத்துத் தோட்டத்தில் ஓர் ஆஷ் மரத்தை வெட்டியபோது, உலகின் இந்த உள்வடிவங்கள் அழிவதைப் பார்ப்பதைவிடச் சாகலாம் என்று தோன்றியதாக ஹாப்கின்ஸ் எழுதியிருக்கிறார். நாட்குறிப்பின் சில பக்கங்களில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டவைக்கும். அவருடைய பார்வையின் பலம் முழுதாகத் தெரிவது, விந்தையாக, ஓர் அறிவியல் வார இதழில்.

1883 ஆகஸ்ட் 27ஆம் தேதி சுண்டா நீரிணையில் கிரகடோவா எரிமலை வெடித்தது. அதன் தூசியும் கந்தகப் புகையும் மேல்வளிமண்டலத்தில் உலகைச் சுற்றின. செப்டம்பரில் இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அந்தப் பச்சை ஒளியை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்தார். நவம்பரில் அமெரிக்காவின் போக்கீப்ஸியில் அந்திச் சிவப்பைத் தீ என்று நினைத்துத் தீயணைப்பு வண்டிகள் ஓடின. இங்கிலாந்திலும் மாலைதோறும் வானம் எரிந்தது. ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதங்கள் குவிந்தன. சிவப்பு, பயங்கரம், அற்புதம் என்ற சொற்களுக்குப் பஞ்சமே இல்லை.

லங்காஷயரில் ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஹாப்கின்ஸும் எழுதினார். 1884 ஜனவரி 3ஆம் தேதி இதழில் அது வந்தது. வழக்கமான அந்தியிலிருந்து இந்த அந்தி எதில் எதில் வேறுபடுகிறது என்று ஒவ்வொன்றாக எடுக்கிறார். தோன்றும் நேரம், வானத்தில் அதன் இடம், மறைந்து மீண்டும் வரும் விதம், நிறங்களின் கலப்பு, பரப்பின் தன்மை. எல்லாவற்றிலும் அருமையானது ஒளியைப் பற்றிய பகுதி. செறிவான ஒளி, ஆனால் பளபளப்பே இல்லை என்கிறார். நல்ல அந்தி மேகத்தின் விளிம்புக்குப் பொன், பித்தளை, வெண்கலம், எஃகு என்று உலோக மினுக்கம் தரும். மீன்செதில்போன்ற மேகங்களைச் சிவப்புப் பட்டாக மாற்றும். இப்போது அந்த மினுக்கம் ஒன்றும் கிடையாது. டிசம்பர் 4ஆம் தேதி பார்த்த சிவப்பை, வழக்கமான அந்தியின் தெளிந்த சிவப்பைப்போல இல்லாமல் வீங்கிச் சிவந்த சதையைப்போல இருந்தது என்று குறித்திருந்தார். எரிமலையைப் பார்க்காதவர், தூசியின் இயல்பை அறியாதவர். ஆனாலும் காற்றில் பரவிய நுண்துகள் ஒளியை எப்படிக் கலங்கடிக்கும் என்பதை இத்தனை நெருக்கமாகச் சொல்லில் கொண்டுவந்தவர் அந்த இதழில் குறைவு. அவர் 1889இல் டப்ளினில் டைஃபாய்டு கண்டு இறந்தார். அவருடைய கவிதைகள் நூலாக வந்தது 1918இல்தான்.

இருபதாம் நூற்றாண்டில் ஜே. ஏ. பேக்கர் எசெக்ஸ் கடற்கரையோரத்தில் பத்துக் குளிர்காலம் பொரி வல்லூறுகளின் பின்னால் அலைந்து, அத்தனையையும் ஒரே குளிர்காலத்தின் நாட்குறிப்பாகச் சுருக்கி, ‘தி பெரெக்ரின்’ என்ற நூலை 1967இல் வெளியிட்டார். பூச்சிக்கொல்லி நஞ்சால் இங்கிலாந்தில் அந்த இனம் அருகிப்போயிருந்த நேரம். பெயர்ச்சொல்லை வினையாக முறுக்கி அவர் எழுதிய வாக்கியங்களை வியப்பவர்கள் உண்டு. இவ்வளவையும் ஒருவர் பார்த்திருக்க முடியுமா என்று ஐயப்படும் பறவையாளர்களும் உண்டு. வைட்டோடு ஒப்பிட்டால் அவர் கொஞ்சம் மிகைதான். ஆனால் அவரும் ஒரே நிலப்பரப்பை விட்டு நகரவில்லை.

ஒரே இடம், பல ஆண்டு. இந்தப் பழக்கத்தைப் பத்திரிகைக்குள் கொண்டுவந்தது மான்செஸ்டர் கார்டியன். 1904இல் தொடங்கிய அதன் ‘கன்ட்ரி டயரி’ பத்தி இன்றும் வருகிறது. தாமஸ் கவர்ட் அதில் எழுதியவர். தூரத்தில் கண நேரம் தெரிகிற பறவையை, நிறமோ அளவோ பார்க்காமல், அதன் ஒட்டுமொத்தத் தோரணையாலேயே சொல்லிவிடும் திறனைப் பற்றி 1921இல் அந்தப் பத்தியில் எழுதினார். வைட் கேட்டதும் இதைத்தான்.

இந்த மரபைச் சென்னையில் இருந்து ஆங்கிலத்தில் தொடர்ந்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியை 1950 முதல் 1996 வரை எழுதினார். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் தொகுத்திருக்கிறார்.