கல்வட்டத்தைப் படத்தில் அளக்கலாமா?

அயர்லாந்தில் கல்வட்டங்கள் ஏராளம். நீளமான கற்களை வட்டமாக நட்டு நிறுத்தியிருப்பார்கள். அவற்றின் பழைய கறுப்பு-வெள்ளைப் படங்கள் சிலவற்றில், ஏதாவது ஒரு கல்லை ஒட்டி ஒருவர் விறைப்பாக நின்றுகொண்டிருப்பார். சும்மா போஸ் கொடுக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். நமக்கு அவர்தான் அளவுகோல்.

படத்தில் அவர் உயரம் 2 செ.மீ., பக்கத்துக் கல் 2.4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆள் நிஜத்தில் 165 செ.மீ. இருப்பார் என்றால், 2.4-ஐ 2-ஆல் வகுத்து 165-ஆல் பெருக்குங்கள். 198 வரும். கல்லின் உயரம் ஏறக்குறைய 2 மீட்டர்! ஆனால் ஆளும் கல்லும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அவர் நாலடி முன்னால் வந்து நின்றால் கல் குள்ளமாகத் தெரியும், கணக்கும் கெட்டுப்போகும். ஆளுக்கு ஆள் உயரமும் வேறுபடும். அதனால்தான் தொல்லியலாளர்கள் சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் பூசிய கோலை நட்டுவைத்துப் படம் எடுக்கிறார்கள். கறுப்பு-வெள்ளைப் படத்தில் சிவப்பு கறுப்பாகத் தெரியும். பட்டைகளை எண்ணினால் அளவு கிடைத்துவிடும்.

கல்வட்டம் பார்க்க நீங்கள் அயர்லாந்து வரை போக வேண்டாம். பழைய செங்கல்பட்டு மாவட்டமே போதும். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் முன்பு அதில்தான் இருந்தன. தமிழ்நாட்டில் கல்வட்டங்கள் மிகுந்த பகுதிகளில் அந்த மாவட்டமும் ஒன்று. ஏரித் தண்ணீர் ஏறாத மேடு, சரளை மண், பக்கத்தில் ஒரு பாறைக் குன்று, இப்படிப்பட்ட இடங்களில்தான் அவை அதிகம் இருக்கும். விளையும் நிலத்தை விட்டுவிட்டு, விளையாத மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இவை இரும்புக் காலத்து ஈமச் சின்னங்கள். கிராமங்களில் பாண்டவர் குழி என்று சொல்வதும் உண்டு. பாண்டவர்களுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நம் கல்வட்டங்களைப் படம் எடுப்பது லேசான வேலை இல்லை. இங்கே பெரும்பாலும் உருண்டைப் பாறைகள்தான், அதுவும் பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். உச்சி வெயிலில் எடுத்தால் யாரோ கொட்டிவிட்டுப் போன கற்கள் போலத்தான் தெரியும். காலையில் போய்ப் பாருங்கள். சூரியன் உதித்து முக்கால் மணி நேரத்தில் சுமார் 10 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது 30 செ.மீ. உயரக் கல்லுக்கு 170 செ.மீ. நிழல் விழும். சூரியன் 80 டிகிரிக்கு ஏறிய பிறகு அதே கல்லின் நிழல் 5 செ.மீ.தான். காலை நிழலில் வட்டம் முழுசாகக் கண்ணில் படும்.

வட்டத்துக்குள் என்ன இருக்கும்? மதுராந்தகம் பக்கத்துச் சானூரில் 1950-லும் 1952-லும் இந்தியத் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தது. சுட்ட களிமண் ஈமப்பேழைகள் கிடைத்தன. கால் முளைத்த குளியல் தொட்டி மாதிரி இருக்கும், அடியில் குட்டைக் கால்கள் வரிசையாக நிற்கும். கூடவே இரும்புக் கருவிகளும், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானைகளும் இருந்தன.

அந்தப் பானைகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரண்டு நிறமும் சாயம் இல்லை. ஒரே மண், ஒரே சூளை. களிமண்ணில் இரும்பு உண்டு. சுடும்போது காற்று தாராளமாகப் பட்டால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து சிவக்கும். பானையைக் கவிழ்த்து வைத்து, உள்ளே வைக்கோல், தழை போன்றவற்றை அடைத்துவிட்டால் உட்புறத்துக்குக் காற்று போகாது. அங்கே கரி படிந்து கறுத்துவிடும். கவிழ்த்த வாய் சாம்பலில் புதைந்திருப்பதால் வெளிப்பக்க விளிம்பும் கறுக்கும். ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம் இது. எனக்கு அந்தக் காலத்து இரும்பு வாளைவிட இந்தப் பானைதான் பெரிய தொழில்நுட்பமாகத் தோன்றுகிறது.

  

மறுபடி அயர்லாந்துக்குப் போவோம். அங்கே கார்க் மாவட்டத்தில் டிரோம்பெக் என்று ஒரு கல்வட்டம், குறுக்களவு சுமார் 9 மீட்டர். 1950-களின் கடைசியில் தோண்டியபோது, நடுவில் ஒரு பானைக்குள் எரிந்த மனித எலும்புகள் கிடைத்தன. அங்கேயும் கல், வட்டம், பானை, எலும்பு! உடனே இரண்டு ஊர்க்காரர்களும் சொந்தக்காரர்கள் என்று கதை கட்டிவிடாதீர்கள். வட்டம் போட யாரிடமும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. ஒரு முளையும் ஒரு கயிறும் போதும்.

டிரோம்பெக்கில் முதலில் 17 கற்கள் இருந்தன, இப்போது 13. கல்லைப் பிடுங்கினாலும் அது நின்ற குழி மறைவதில்லை. பிறகு அதில் விழுந்து நிரம்பும் மண்ணுக்குச் சுற்றியுள்ள மண்ணின் நிறமும் இறுக்கமும் இருக்காது. பழைய படம் ஏதாவது இருந்தால் கல் எப்போது வரை நின்றது என்பதும் தெரிந்துவிடும். நம் பக்கத்திலும் கற்கள் ஜல்லிக்குப் போகின்றன, மேடுகள் மனைகளாகின்றன. ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் 2022-இல் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகளும் ரோமானிய ஜாடித் துண்டுகளும் வந்தன. தோண்டாத மண்ணில் இன்னும் எவ்வளவோ கிடக்கும்.

உங்கள் ஊர் மேட்டில் கற்கள் வட்டமாகத் தெரிந்தால் தோண்டாதீர்கள். காலை வெயிலில் அப்பாவின் செல்போனில் படம் எடுங்கள். ஓரமாக ஒரு ஸ்கேலையோ, உயரம் தெரிந்த தம்பியையோ நிறுத்துங்கள். தேதியைக் குறித்துவைத்து, வடக்கு எந்தப் பக்கம் என்று தரையில் ஒரு அம்புக்குறியும் போடுங்கள். திசை எதற்கு என்கிறீர்களா? டிரோம்பெக்கில் படுத்தாற்போல் ஒரு கல் உண்டு. எதிரே இருக்கும் இரண்டு உயரக் கற்களுக்கு நடுவில் நின்று அதைப் பார்த்தால், டிசம்பர் மாதத்தின் மிகக் குட்டையான பகல் முடியும்போது சூரியன் அந்தத் திசையில் மறையும். திசை தெரியாத படத்தை வைத்துக்கொண்டு இதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.