பாதுகாப்பான பதிவிறக்கம்

பாதுகாப்பான பதிவிறக்கம் என்பது இணையத்திலிருந்து கோப்புகளைப் பெறும்போது கணினியிலோ செல்பேசியிலோ தீநிரல்கள் புகாதவாறு காக்கும் நடைமுறைகளைக் குறிக்கும். பயனரின் விருப்பத்துக்கு மாறாகத் தரவைத் திருடவோ, அழிக்கவோ, பூட்டிவைத்துப் பணம் கேட்கவோ எழுதப்பட்ட நிரல் தீநிரல் எனப்படுகிறது. வைரஸ், புழு, டிரோஜன், பணயநிரல் ஆகியன இதன் வகைகளாகும். பதிவிறக்கம் வழியாகப் பரவும் தீநிரல்களுள் பெரும்பாலானவை, பயனர் தாமே கோப்பைத் திறந்து அனுமதி அளித்த பின்னரே இயங்கத் தொடங்குகின்றன. ஆகவே கோப்பைத் திறக்குமுன் செய்யும் சோதனையே முதன்மையான பாதுகாப்பாகும்.

கோப்பின் வகையை அறிதல்

கோப்புப் பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வரும் நீட்சி, அக்கோப்பின் வகையைக் காட்டுகிறது. ஜேபெக் என்பது படம். பிடிஎஃப் என்பது ஆவணம். விண்டோஸில் இஎக்ஸ்இ, ஆண்ட்ராய்டில் ஏபிகே ஆகியன மென்பொருளை இயக்கும் அல்லது நிறுவும் கோப்புகள் ஆகும்.

2000 மே மாதம் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' புழு, மின்னஞ்சலில் காதல் கடிதம் போல வந்தது. அதன் பெயரின் நடுவே உரைக்கோப்புக்குரிய நீட்சியும், இறுதியில் இயங்கும் நிரலுக்குரிய நீட்சியும் இருந்தன. விண்டோஸ் இறுதி நீட்சியை இயல்பாக மறைத்ததால் பலர் அதனை வெறும் உரை எனக் கருதித் திறந்தனர். நீட்சிகளை முழுமையாகக் காட்டுமாறு விண்டோஸின் அமைப்பை மாற்றிக்கொண்டால் இத்தகைய ஏமாற்றைக் கண்டுகொள்ளலாம்.

செல்பேசியில் வரும் கோப்புகள்

இதே உத்தி இன்று செல்பேசிகளில் கையாளப்படுகிறது. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம், வங்கி அறிவிப்பு போன்ற பெயர்களில் வாட்ஸ்அப் வழியே வரும் ஏபிகே கோப்புகள் குறித்து 2024-இல் இந்தியாவில் எச்சரிக்கைகள் வெளியாயின. இவற்றை நிறுவுவோரிடம் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி கேட்கப்படுகிறது. அந்த அனுமதி கிடைத்தால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் மோசடியாளரைச் சென்றடையக்கூடும்.

சேலை நெசவுக்குப் பெயர்பெற்ற, சேலம் மாவட்டத்தின் இளம்பிள்ளை போன்ற ஊர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சேலைப் படங்களும் விலைப்பட்டியலும் ஆர்டர்களும் வாட்ஸ்அப்பில் கைமாறும் தொழிலில், முன்பின் அறியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்காமல் இருக்க இயலாது. அதே செல்பேசியில்தான் பெரும்பாலும் பணப் பரிமாற்றமும் நடைபெறுகிறது. ஆயினும் சேலைப் படமோ விலைப்பட்டியலோ ஒருபோதும் ஏபிகே கோப்பாக வரத் தேவையில்லை. அவ்வாறு வந்தால், தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்ததாயினும் நிறுவாமல் அழித்துவிட வேண்டும். அவருடைய செல்பேசியே தாக்கப்பட்டிருக்கக்கூடும்.

மூலத்தைச் சரிபார்த்தல்

மென்பொருளை அதனை உருவாக்கியவரின் தளத்திலிருந்தோ அதிகாரப்பூர்வச் செயலிக் கடையிலிருந்தோ பெறுவது நல்லது. கட்டண மென்பொருளின் காப்பு உடைக்கப்பட்ட இலவசப் படிகள் தீநிரல் பரவும் முக்கிய வழிகளுள் ஒன்று. அவற்றுள் சில, நிறுவுமுன் வைரஸ் தடுப்பானை நிறுத்துமாறு கேட்கும். அவ்வாறு கேட்பதே கோப்பைக் கைவிடப் போதுமான காரணமாகும்.

அதிகாரப்பூர்வத் தளமும் தாக்குதலுக்கு உள்ளாகலாம். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளம் ஊடுருவப்பட்டு, அதன் பதிவிறக்க இணைப்பு தீநிரல் கலந்த கோப்புக்குத் திருப்பப்பட்டது. இத்தகைய மாற்றத்தைக் கண்டறிய ஹாஷ் மதிப்பு உதவுகிறது. இது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எண். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இம்மதிப்பு மாறிவிடும். வெளியீட்டாளர் அறிவித்த மதிப்பும் பதிவிறக்கிய கோப்பின் மதிப்பும் ஒத்திருக்க வேண்டும். ஆனால் தளத்தைக் கைப்பற்றியவர் அறிவித்த மதிப்பையும் மாற்றக்கூடும் என்பதால், வெளியீட்டாளரின் மின்கையொப்பத்தையும் சரிபார்த்தல் சிறந்தது.

வைரஸ்டோட்டல் என்னும் தளத்தில், ஒரு கோப்பைப் பல வைரஸ் தடுப்பான்களால் ஒரே நேரத்தில் சோதிக்கலாம். அங்கு பதிவேற்றும் கோப்புகள் ஆய்வாளர்களுடன் பகிரப்படுவதால் அந்தரங்க ஆவணங்களைப் பதிவேற்றக் கூடாது. புதிய தீநிரல்கள் இச்சோதனையில் தப்பக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

சேதத்தைக் குறைத்தல்

தமிழ்நாட்டில் அறியப்பட்ட நிகழ்வு கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பானது. இந்திய அணுமின் கழகத்தின் கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை 2019 செப்டம்பர் 4 அன்று நடுவண் அரசின் செர்ட்-இன் அமைப்பு கவனித்துத் தெரிவித்தது. அக்டோபர் 30 அன்று கழகம் இதனை உறுதிசெய்தது. தாக்கப்பட்ட கணினி இணையத்துடன் இணைந்த நிர்வாக வலையமைப்பைச் சேர்ந்தது என்றும், முக்கிய உள் வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது என்றும் கழகம் கூறியது.

இப்பிரிப்பு முறை சிறு தொழிலகங்களுக்கும் பயன்படும். கணக்குகள் உள்ள கணினியைப் பொதுவான பதிவிறக்கங்களுக்குப் பயன்படுத்தாமல் இருத்தல், முக்கியக் கோப்புகளின் நகலை இணைப்பிலிருந்து கழற்றிய வன்தட்டில் வைத்திருத்தல், இயங்குதளத்தை உடனுக்குடன் புதுப்பித்தல் ஆகியன சேதத்தைக் குறைக்கும்.

தீநிரல் நிறுவப்பட்டுவிட்டால்

முதலில் கருவியின் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பின்னர் வேறொரு செல்பேசியிலிருந்து வங்கியைத் தொடர்புகொண்டு கணக்கை முடக்கச் செய்து, கடவுச்சொற்களையும் வேறொரு கருவியிலிருந்தே மாற்ற வேண்டும். பணம் இழந்தவர்கள் 1930 என்னும் தேசிய உதவி எண்ணில் புகார் அளிக்கலாம். புகார் எவ்வளவு விரைவாகச் செல்கிறதோ, அந்த அளவுக்குப் பணம் அடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் தடுக்கும் வாய்ப்பு கூடும்.