உறைந்த மண்மீது ஒரு சாலை

1942 மார்ச். ஜப்பான் அலாஸ்காமீது பாயக்கூடும் என்ற அச்சத்தில், கனடா வழியே அங்கே சாலை போட அமெரிக்க ராணுவம் இறங்கியது. 10,000-க்கும் மேற்பட்ட வீரர்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். எட்டே மாதங்களில் சுமார் 2,700 கி.மீ. தடம் பிறந்தது.

வடக்கே போகப்போக விபரீதம் தொடங்கியது. புல்டோசர்கள் வழக்கம்போல் மேலே படர்ந்திருந்த பாசியை வழித்துத் தள்ளின. பாறைபோல் இறுகியிருந்த மண்ணில் வெயில் பட்டதும் எல்லாம் சேறு. வண்டிகள் புதைந்தன. ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண் அது. பாசிதான் அதன் போர்வை. பட்டறிந்த பிறகு பாசியைத் தொடாமல், மரங்களைக் குறுக்கே நெருக்கி அடுக்கி, அதன்மேல் சரளை கொட்டினார்கள்.

உறைமண் இல்லாத இடத்திலும் நிம்மதி கிடையாது. குளிர்காலத்தில் சாலைக்கு அடியிலுள்ள நுண்மண், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, கீழிருந்து நீரை மேலே இழுக்கிறது. அந்த நீர் படலம் படலமாக உறைந்து சாலையைத் தூக்குகிறது. வசந்தத்தில் மேல்பகுதி முதலில் உருகும். அடியில் இன்னும் பனி இறுகியிருப்பதால் நீர் வடிய வழியில்லை. நனைந்த அந்த மண்மீது கனரக லாரி ஏறினால் தார் நொறுங்கும். அதனால்தான் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வசந்தம் வந்ததும் லாரிகளின் பாரத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கிறார்கள். கடுங்குளிரைவிட இளகும் பருவமே சாலைக்குப் பொல்லாதது.

2017 நவம்பரில் திறக்கப்பட்ட கனடாவின் இனுவிக்–டுக்டோயக்டுக் சாலை இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றிருந்தது. சுமார் 140 கி.மீ. நீளத்தில் நிலத்தை எங்கும் வெட்டவில்லை. மண் கெட்டியாக உறைந்திருக்கும் குளிர்காலத்திலேயே லாரிகள் ஓடின. தரைமீது செயற்கை இழைத்துணி விரித்து, அதன்மேல் சரளையைக் கொட்டிக் கரை எழுப்பினார்கள். கோடையில் அதை அழுத்திச் சமன்செய்தார்கள். ஆர்க்டிக் கடலோரத்தைக் கனடாவின் மற்ற பகுதிகளோடு ஆண்டு முழுதும் இணைக்கும் முதல் சாலை இதுதான்.

1942-இல் போட்ட பழைய அலாஸ்கா நெடுஞ்சாலையோ உறைமண் உள்ள இடங்களில் இன்னும் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. கறுப்புத் தார் வெயிலை உறிஞ்சுகிறது. கரையோரம் குவியும் பனி, குளிர்காற்று மண்ணைத் தொடவிடாமல் மூடிக்கொள்கிறது. 2008-இல் கனடாவின் யூகான் பகுதியிலுள்ள பீவர் கிரீக் அருகே பல உத்திகளை அடுத்தடுத்துச் சோதித்தார்கள்: வெளிர்நிற மேற்பரப்பு, சரிவுகளில் பனி விழாமல் தடுக்கும் கூரை, பெருங்கற்களால் ஆன கரை. கற்களின் இடுக்குகளில் கனத்த குளிர்காற்று இறங்க, வெப்பக்காற்று மேலேறி வெளியேறும். மின்சாரமோ இயந்திரமோ தேவையில்லாத அருமையான ஏற்பாடு! ஆனால் செலவு அதிகம். பெரும்பாலான இடங்களில் கோடைதோறும் பள்ளத்தில் சரளை கொட்டித்தான் நிரவுகிறார்கள்.