வாயில் நில்லாத பல்வரிசை

பதுளைக்குச் சென்று பல் கட்டிக்கொண்டு பசறைக்கோ லுணுகலைக்கோ திரும்பும் தோட்டத்து முதியவர்களுட் சிலர், சில மாதங்களில் அப்பற்களைத் துணியிற் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்துவிடுகின்றனர். கேட்டால், “மேற்பல் நிற்கிறது, கீழ்ப்பல் ஆடுகிறது” என்பர். அவர்கள் கூற்று உண்மையே.

மேற்பல் தட்டு அண்ணம் முழுவதையும் தழுவுவது. இடையே உமிழ்நீர் மெல்லிய படலமாய்ப் பரவ, விளிம்பைச் சூழ்ந்த சதை காற்றுப் புகாது அடைத்துக்கொள்கிறது. நனைந்த இரு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வதும் இவ்வாறே. கீழ்த்தட்டோ லாட வடிவினது. அமரும் பரப்புக் குறைவு. நாவும் கன்னமும் அசையுந்தோறும் அதுவும் அசையும். பல் நீங்கிய தாடையெலும்பு நாளடைவில் தேய்வதும், அத்தேய்வு கீழ்த்தாடையிலே மிகுதியாயிருப்பதும் மற்றொரு காரணம். 1970 முதல் ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டு அறிஞரும் அவர் குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரைப் பதினைந்து ஆண்டுகள் ஆராய்ந்தபோது, பல் துலக்கும் வழக்கமற்ற அவர்களுட் பெரும்பாலாருக்கு ஈறுநோய் எலும்பை மெல்ல அரித்து வந்ததைக் கண்டனர். இவ்வாறு பல்லை இழந்தவருக்குத் தட்டு அமரும் மேடு தொடக்கத்திலேயே தாழ்ந்திருத்தல் கூடும்.

கீழ்ப்பல்லை நிறுத்துவதில் நாவுக்கே பெரும்பங்கு. நாவைப் பின்னிழுத்தால் தட்டு எழும்; நுனி, கீழ் முன்பற்களின் உட்புறத்தைத் தொட்டிருந்தால் தட்டுப் படிந்திருக்கும். ரொட்டியை முன்பல்லாற் கடித்திழுத்தல் ஆகாது. சிறு துண்டுகளாய்ப் பிய்த்துத் தேநீரில் தோய்த்து, இரு கடைவாயாலும் ஒருசேர மெல்லுதல் நன்று. இப்பழக்கம் கைவரச் சில வாரங்கள் செல்லும். வெற்றிலை பாக்கை ஒரு கொடுப்பில் அடக்குவது தட்டைச் சாய்ப்பதோடு வாய்ப்புற்றுக்கும் வழிகோலும்.

ஒட்டும் பசையைச் சிறிதளவு இடலாம். தளர்ந்த தட்டைப் பசை குவித்து நிறுத்த முயல்வது வீண். அதன் உட்புறத்தைத் தாடைக்கு இசையப் புதுப்பிப்பது பல் வைத்தியரின் வேலை. அதற்கு மீண்டும் பதுளைக்குப் போகவேண்டும்; துணைவரும் மகனோ மகளோ ஒருநாட் பேரை இழக்கவேண்டும். பல் பெட்டிக்குள் உறங்குவதற்கு இதுவே மெய்க்காரணம் போலும்!

இரவிற் பல்லைக் கழற்றிக் குளிர்ந்த நீரில் இட்டுவைத்தால் ஈறு இளைப்பாறும். கொதிநீர் தட்டின் வடிவைக் கெடுக்கும். சாம்பலும் செங்கற்பொடியும் அதைக் கீறும். உறுத்தும் இடத்தை வீட்டிலே அரத்தால் தேய்த்துத் தட்டையே பாழாக்குவோரும் உளர். இரு வாரத்தில் ஆறாத புண்ணை வைத்தியருக்குக் காட்டியே தீரவேண்டும். செல்லும்போது தட்டைப் பெட்டியிற் கொண்டுபோகாது வாயில் அணிந்து செல்லுதல் நலம்; உறுத்திச் சிவந்த தடத்தைக் கண்டே எங்கே தேய்ப்பதென அவர் அறிவார்.