சைதாப்பேட்டையிலிருந்து ஓர் அத்தியாய தூரம்

விடியற்காலை ஐந்து மணிக்குக் கீழே சம்ப்பில் மெட்ரோ வாட்டர் விழுகிறதா என்று பார்ப்பதில் தொடங்கி, இரவு பத்து மணிக்கு இட்லி மாவில் உப்பிட்டுக் கரைத்து மூடி வைப்பதில் முடிகிற என் தினசரி வாழ்க்கையில், புத்தகம் படிப்பதற்கென்று ஒதுக்கிய வேளை என்று ஒன்று கிடையாது. பதினோரு வயதுப் பெண், ஏழு வயதுப் பையன், எண்பதைக் கடந்த மாமியார், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முறையில் வேலைக்குப் போய் வரும் கணவர் ஆகியோரோடு குடித்தனம் நடத்திக்கொண்டு, அரசாங்க அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் உத்தியோகமும் பார்க்கிறவளுக்கு, அவகாசம் என்பது மாதக் கடைசியில் கைப்பையின் அடியில் அகப்படுகிற சில்லறையைப் போலத்தான் கிடைக்கும். அந்தச் சில்லறையைக் கொண்டே பெரிய பெரிய நூல்களை எல்லாம் படித்துவிட முடியும் என்பதை நான் தாமதமாகவே அறிந்துகொண்டேன். அறிந்துகொண்ட விதத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காலையில் சைதாப்பேட்டை நிலையத்தில் கடற்கரை வண்டியின் பெண்கள் பெட்டியில் ஏறினால், மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர், பூங்கா, கோட்டை என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்து கடற்கரையில் இறங்குகிற வரையில் ஏறக்குறைய அரை மணி நேரம் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் வருஷத்தில். அன்று முதல் எத்தனை தலைமுறைப் பெண்கள் அந்தப் பெட்டியில் கீரை ஆய்ந்தும், பூத் தொடுத்தும், சகஸ்ரநாமம் சொல்லியும், உட்கார்ந்தபடியே உறங்கியும் தங்கள் பிரயாண நேரத்தை வீட்டுக்கும் தெய்வத்துக்கும் உடம்புக்குமாகப் பங்கிட்டிருப்பார்கள்! எனக்கு அந்த அரை மணி நேரம் ஓர் அத்தியாயம்.

முன்பெல்லாம் இப்படி இருக்கவில்லை. பெண் பிறந்தபின் நாலு வருஷ காலம் நான் ஒரு நூலைக்கூட முழுதாகப் படித்ததில்லை. படிப்பு என்றால் மத்தியான வேளையில் சாய்வு நாற்காலியில் கிடந்து, ஒரே மூச்சில் முந்நூறு பக்கம் ஓடவேண்டும் என்று கல்லூரி நாட்களின் வழக்கத்தை வைத்துக்கொண்டு எண்ணியிருந்தேன். குழந்தைகள் தலையெடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப் போட்டேன். அந்த எண்ணத்தை மாற்றியது, மாமியாரின் டிரங்குப் பெட்டியிலிருந்து வெளிவந்த நாலு பைண்டுத் தொகுதிகள்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950-லிருந்து 1954 வரை ‘கல்கி’ வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தபோது, திருவாரூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த மாமியாரின் தகப்பனார், வாராவாரம் கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஊசியும் நூலும் கொண்டு தாமே தைத்து, ஒரு பாகம் முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ துணி முதுகு போட்டு வாங்கி வைப்பாராம். காகிதம் பழுத்துத் தேக்கிலைச் சருகின் நிறத்துக்கு வந்துவிட்டது. பைண்டரின் கத்தி சில பக்கங்களில் கடைசி வரியையே அரிந்துகொண்டு போயிருக்கிறது. ஆனாலும், அத்தியாயத்தின் முடிவில் எஞ்சிய இடத்தில் நின்ற துணுக்குகளும், கூந்தல் தைல விளம்பரங்களும், மணியம் வரைந்த சித்திரங்களும், ஓரத்தில் பென்சிலால் எழுதிய தேதிகளுமாக அந்தத் தொகுதிகள் என் கைக்கு ஒரு கதையாக மட்டும் வரவில்லை. மூன்றரை வருஷ காலத்துக் குடும்ப வாழ்க்கை ஒன்றே வந்து சேர்ந்தது போல் இருந்தது.

“பத்திரிகை வர்ற அன்னிக்கு எங்கப்பா கைகால் அலம்பிண்டு திண்ணையில உக்காந்து உரக்கப் படிப்பார்ம்மா. எங்க பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்தாத்து மாமியும் வந்து உக்காருவா. படிச்சு முடிச்சா அடுத்த வாரம் வரைக்கும் அதே பேச்சுதான்” என்றார் மாமியார். அப்போது அவருக்கு ஆறோ ஏழோ வயது. கதை முடிந்தபோது பத்து. ஐந்து பாகங்களும் அவர்கள் வீட்டுக்குள் இப்படித்தான் வந்திருக்கின்றன: வாரத்துக்கு ஒரு திண்ணைப் பொழுது, மூன்றரை வருஷ காலம்!

இதைக் கேட்டபோதுதான் எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற பெரிய நூல்களில் பல, ஒரே மூச்சில் படிக்கப்படுவதற்காகப் பிறந்தவையே அல்ல. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் ‘ஆனந்த விகட’னில் வாராவாரம் வெளிவந்தது, 1942-இல் அவர் காலமானதால் பூர்த்தியாகாமலே நின்றது. கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பா’ளும் கோபுலுவின் சித்திரங்களோடு அதே பத்திரிகையில் தொடராக வந்ததுதான். இந்த ஆசிரியர்களுக்குத் தங்கள் வாசகர் யாரென்று தெரியும். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பெண்ணும், ஆபீசிலிருந்து திரும்பிய குமாஸ்தாவும், அரை மணி நேரத்துக்குள் ஏந்திக்கொள்ளக்கூடிய அளவில் ஒவ்வொரு வாரமும் ஒரு பிடி சோறு உருட்டித் தந்தார்கள். ஆகவே சைதாப்பேட்டைக்கும் கடற்கரைக்கும் நடுவே ஓர் அத்தியாயம் படிக்கிறவள், அரைகுறையாகப் படிக்கிறவள் அல்லள். அந்த நூல் எப்படிப் படிக்கப்பட வேண்டுமென்று பிறந்ததோ அப்படியே படிக்கிறவள். இந்த எண்ணம் வந்த நாளிலிருந்து என் மனத்திலிருந்த குறை நீங்கிவிட்டது.

காலையில் எனக்காக ஓர் அத்தியாயம். இரவில் பெண்ணுக்காக ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டோம். சாப்பாடு முடிந்து பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தபின், கூடத்தில் பாய் விரித்து, மாமியாரின் அருகில் அவளை உட்காரவைத்து ‘பொன்னியின் செல்வ’னை உரக்கப் படிக்கத் தொடங்கியபோது, முதல் நாளே ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையின்மீது வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு கதை ஆரம்பமாகிறது அல்லவா? அந்த ஏரி எங்கே இருக்கிறது என்று பெண் கேட்டாள். இப்போது வீராணம் என்று வழங்குகிற அதே ஏரிதான் அது, பராந்தக சோழன் காலத்தது, கொள்ளிடத்து நீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்கு வருகிறது, 2004-ஆம் வருஷத்திலிருந்து பெருங்குழாய்கள் மூலம் சென்னைக்கும் அந்த நீர் வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ வந்தியத்தேவன் பார்த்த தண்ணியாம்மா இது?” என்றாள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னே ஓடிப்போன நீர் இது அல்ல என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏரி அதே ஏரிதான் என்று மட்டும் சொன்னேன்.

தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்ததால், எனக்கு மிகவும் பிரியமான இன்னொரு நூலையும் சொல்லிவிட வேண்டும். 2019-ஆம் வருஷக் கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அப்போது நான் காலை வண்டியில் படித்துக்கொண்டிருந்தது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. லாரி எப்போது வரும் என்று தெரியாமல் முந்தின இரவெல்லாம் குடங்களோடு விழித்திருந்துவிட்டு, காலையில் ரயிலில் உட்கார்ந்து, ஐம்பது வருஷத்துக்கு முந்திய சென்னைத் தெரு ஒன்றில் ஜமுனாவும் மற்றப் பெண்களும் அதே குடங்களோடு அலைவதைப் படித்தபோது உண்டான உணர்ச்சியைத் துக்கம் என்பதா, ஆறுதல் என்பதா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அதில் வருகிற டீச்சரம்மாவை நான் மறக்கவே மாட்டேன். பள்ளிக்கூட வேலை, நோயாளிக் கணவர், மாமியார், இவற்றுக்கிடையே தண்ணீர்க்கவலை என்று ஓயாமல் உழைக்கிற அந்தப் பெண்மணியை ஆசிரியர் எங்கேயும் உயர்த்திப் பேசுவதில்லை. இரக்கப்பட்டு ஒரு சொல்லும் எழுதுவதில்லை. உத்தியோகம் பார்க்கும் தாயாரைப் பற்றித் தமிழில் இவ்வளவு சத்தியமாக எழுதியவர் மிகச் சிலரே என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

‘என் சரித்திர’த்தை நான் இரண்டு தடவை படித்து முடித்திருக்கிறேன்; இரண்டு தடவையும் ரயிலில்தான். முதல் தடவை குருகுல வாசமும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவருக்கிருந்த பக்தியுமே மனத்தில் நின்றன. இரண்டாம் தடவை நான் கவனித்தது வேறொன்று. ஐயரவர்கள் 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர், குடும்பஸ்தர். பகலில் வகுப்பு நடத்திவிட்டு, எஞ்சிய பொழுதில்தான் ஏடுகளை ஒப்பிட்டு, ஊரிலிருந்த ஜைனர்களிடம் சந்தேகங்களைக் கேட்டுத் தெளிந்து, 1887-இல் ‘சீவக சிந்தாமணி’யை வெளியிட்டார். சங்க இலக்கியங்கள் பலவும் நமக்குக் கிடைத்தது ஓர் உத்தியோகஸ்தரின் ஓய்வு நேரத்திலிருந்து என்று நினைக்கும்போது மெய்சிலிர்க்கிறது. பிறகு தேடிப் பார்த்தால், இந்த வரிசைக்கு முடிவே இல்லை. லா.ச. ராமாமிருதம் வங்கியில் வேலை பார்த்தவர். தி. ஜானகிராமன் வானொலி நிலையத்தில் இருந்தவர். என் பெண் மழலை மாறாத வயதில் ஒப்பித்த பாட்டுகளை எழுதிய குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் வங்கி உத்தியோகஸ்தரே. கணக்குப் பேரேடுகளை மூடி வைத்துவிட்டு வந்து எழுதியவர்களை, கணக்குப் பேரேடுகளை மூடி வைத்துவிட்டு வந்து நான் படிக்கிறேன்.

பையனின் ருசி வேறு. அவனுக்கு ராஜாக்களிடம் நாட்டமில்லை, ரயில்தான் வேண்டும். ஆகவே ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்’ தமிழில் கிடைத்தது எங்களுக்குப் பெரிய பாக்கியம். பழைய ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாக வைத்துக் கோபயாஷி என்ற தலைமையாசிரியர் நடத்திய டோமோயி பள்ளியின் உண்மைக் கதை அது. அந்தப் பள்ளி 1945-இல் குண்டுவீச்சில் எரிந்துபோனதைப் படித்த இரவு பையன் அழுதான். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து படிக்கச் சொன்னான். அங்கே பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவில் கடலிலிருந்து ஏதாவது ஒன்று, மலையிலிருந்து ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்பது தலைமையாசிரியரின் விதி. அதிலிருந்து எங்கள் வீட்டிலும் தினந்தோறும் காலை ஏழரை மணிக்கு, “இன்னிக்கு என் டப்பாவுல கடல் எது, மலை எது?” என்ற கேள்வி பிறந்தது. எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. “மலை, ஊட்டி காரட், கடல், தூத்துக்குடி உப்பு” என்று மாமியார் தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கு வண்டியில் உட்கார்ந்தவளுக்கு, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ ஞாபகத்துக்கு வந்தது. பையன் இன்னும் சற்றுப் பெரியவனாகட்டும். அவனுடைய டப்பாவுக்கு அந்தக் கடல் எப்படி வந்து சேருகிறது என்பதை அந்த நாவலிலிருந்து படித்துக் காட்டுவேன்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அதை நான் படித்து முடித்து, கூடத்து மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். கணவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் அதைப் படித்திருக்கிறார். நாங்கள் இருவரும் அதைப் பற்றி அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த வாரத்திலிருந்து இரவுப் பாத்திரங்கள் அவர் பொறுப்பாயின. அவர் இரவு ஷிப்டுக்குப் போகும் வாரங்களில் மாத்திரம் அவை என்னிடம் திரும்பி வருகின்றன. குழந்தைகளுக்குப் படித்துக் காட்ட எனக்குக் கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது.

டிரங்குப் பெட்டியில் நாலு தொகுதிகள் என்றேன். ‘கொலை வாள்’ என்ற மூன்றாம் பாகம் எங்களிடம் இல்லை. சில வருஷங்களுக்கு முன் வீடு மாறியபோது, செய்தித்தாள் கட்டுகளோடு கட்டாக அதுவும் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிவிட்டது. மாமியார் யாரையும் குறை சொல்லவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. இரண்டாம் பாகம் முடிந்து, படகுக்காரப் பெண் பூங்குழலி என்ன ஆனாள் என்று பெண் நச்சரித்தபோது, அவளை அழைத்துக்கொண்டு கிளை நூலகத்துக்குப் போனேன். அவள் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்கி, மூன்றாம் பாகத்தை எடுத்து வந்தோம். அதில் பைண்டரின் கத்திச் சுவடு இல்லை, மணியத்தின் சித்திரங்களும் இல்லை; இருந்தாலும் இடையறாது கதை சென்றது. பொது நூலகங்களுக்கென்று சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகச் சட்டம் ஏற்பட்டது நம்முடைய சென்னை மாகாணத்தில்தான், 1948-இல். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காக நெடுங்காலம் உழைத்தவர். சொத்துவரியோடு சேர்த்து நூலக வரியையும் நாம் ஒவ்வொருவரும் செலுத்திவருகிறோம். அப்படியிருக்க, வேலைக்குப் போகிற தாய் தகப்பன்மார் வீடு திரும்புகிற மாலை வேளையில் எல்லாக் கிளை நூலகங்களின் கதவும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கைதான்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் பெட்டியிலோ, ஊசி நூலால் தைத்த பழைய தொடர்கதைத் தொகுதி ஏதேனும் இருக்கக்கூடும். அதைத் தராசில் ஏற்றிவிடாதீர்கள். இன்றிரவு ஓர் அத்தியாயம், குழந்தைகளின் காதுபட, உரக்கப் படித்துப் பாருங்கள்.